"நர்சம்மா, ஒரு சந்தேகம்": சேர்வராயன் மலைப் பெண்கள் அடிக்கடி கேட்ட கேள்விகள்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் சேலத்து நெசவுத் தெருக்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். தடுப்பூசி நாளில் பெண்கள் வருவார்கள். குழந்தைக்கு ஊசி போட்ட பிறகும் கிளம்பாமல் சுவரோரம் நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் குரலைத் தாழ்த்தி, "நர்சம்மா, ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூசியவர்களுக்காகத் துணை சுகாதார நிலைய வாசலில் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் துளை போட்டு வைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிப் போட்டார்கள். எழுதத் தெரியாத அம்மாக்கள் மகளை எழுதச் சொல்லிப் போட்டார்கள்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. உறுப்புகளின் பெயரை எங்கும் மழுப்பவில்லை. பெயர் தெரியாத இடத்தில் நோய் வந்தால் அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் பெண்கள் மாதக்கணக்கில் பொறுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

அடிவயிறு என்கிறோமே, அதற்குள் கர்ப்பப்பை எங்கே இருக்கிறது?

இடுப்பெலும்புகள் சேர்ந்து ஒரு கிண்ணம் போல அமைந்திருக்கின்றன. அந்தக் கிண்ணத்தில் முன்பக்கம் சிறுநீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல், இரண்டுக்கும் நடுவே கருப்பை. சாப்பாடு போகும் இரைப்பைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "வயிற்றில் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே பல பெண்கள் சோறும் குழந்தையும் ஒரே பைக்குள் இருப்பதாக நினைத்திருந்தார்கள். நிறையச் சாப்பிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று கர்ப்பிணிக்கு அரை வயிற்றுக்குச் சோறு போட்ட வீடுகள் உண்டு. படம் வரைந்து காட்டிய பிறகுதான் அந்த வீடுகளில் தட்டு நிறைந்தது.

கருப்பையைத் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 7.5 செ.மீ., மேல்புறத்தில் அகலம் 5 செ.மீ., கனம் 2.5 செ.மீ. பிள்ளை பெறாத பெண்ணுக்கு எடை 50 முதல் 60 கிராம். நிறைமாதத்தில் குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் கணக்கில் சேர்க்காமல் அந்தத் தசை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். பிரசவமான ஆறு வாரத்தில் மறுபடியும் பழைய அளவை நெருங்கிவிடும். இப்படி வளர்ந்து சுருங்கும் தசை உடம்பில் வேறெங்கும் இல்லை.

சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே மெல்லிய உறை, நடுவே தடித்த தசை, உள்ளே மென்மையான மெத்தை. பிரசவ வலியில் இறுகுவது நடுத்தசை. மாதந்தோறும் உதிர்வது உள்மெத்தை. பேரிக்காயின் காம்புப் பக்கம்தான் கருப்பை வாய். அது யோனிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். யோனி என்பது 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள, விரிந்து கொடுக்கும் குழாய்.

மேலே இரண்டு பக்கமும் 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் இரண்டு கருக்குழாய்கள் கிளம்புகின்றன. அவற்றின் நுனியில் விரல்களைப் போன்ற தொங்கல்கள். அவற்றை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சினைப்பைகள். கருக்குழாயும் சினைப்பையும் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. முட்டை வெளிவரும் நேரத்தில் அந்த விரல்கள்தான் அதை வாரி உள்ளே எடுக்கின்றன.

ஸ்கேன் தாளில் "கருப்பை பின்பக்கம் சாய்ந்துள்ளது" என்று இருக்கிறது. குழந்தை பிறக்காதா?

பிறக்கும். பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்பக்கம், சிறுநீர்ப்பையின் மேல் சாய்ந்திருக்கும். நான்கைந்து பேரில் ஒருவருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சிலர் வலக்கையால் எழுதுகிறார்கள், சிலர் இடக்கையால் எழுதுகிறார்கள் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். இந்த ஒரு வரியைக் காட்டி மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. அது பெரும் அநியாயம்.

சிறுநீரும் விலக்கும் ஒரே வழியில்தானே வருகின்றன?

இல்லை. பிள்ளை பெற்ற பெண்களிலும் பாதிப்பேர் இதைத் தவறாகத்தான் சொல்வார்கள். கீழே மூன்று திறப்புகள் உண்டு. முன்னால் மிகச் சிறிய சிறுநீர்த் துளை. அதற்குப் பின்னால் யோனித் துளை; விலக்கு வருவதும் குழந்தை வருவதும் அதன் வழியாகத்தான். கடைசியாக ஆசனவாய். முதல் இரண்டையும் மூடிப் பாதுகாக்கும் மடிப்புகள் வெளி இதழ்கள், உள் இதழ்கள். உள் இதழ்கள் மேலே சேரும் இடத்தில் உணர்வு நரம்புகள் செறிந்த ஒரு சிறு மொட்டு இருக்கிறது, அது கிளிட்டோரிஸ். இவை எல்லாவற்றின் நிறமும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பக்க இதழ் பெரிதாக இருப்பது நோயல்ல.

மூன்று திறப்புகள் என்று தெரிந்தால் ஒரு பயன் கைமேல் உண்டு. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பின்னிருந்து முன்னால் கையைக் கொண்டுவந்தால் மலக்கிருமி சிறுநீர்த் துளைக்குப் போய்விடும். பெண்ணின் சிறுநீர்க் குழாய் நான்கு செ.மீ. அளவே நீளம் என்பதால் கிருமி எளிதாகச் சிறுநீர்ப்பையை எட்டும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் காபிப் பழம் பறிக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு ஓயாமல் வருவதற்கு அந்தக் குட்டைக் குழாயும் ஒரு காரணம்.

கருமுட்டை மாதாமாதம் புதிதாக உண்டாகிறதா?

உண்டாவதில்லை. ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுவதற்குமான முட்டைகள் அவள் தாயின் கருப்பையில் இருக்கும்போதே சினைப்பைகளில் வந்துவிடுகின்றன. கருவுக்கு 20 வாரம் ஆகும்போது 60 முதல் 70 லட்சம். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். அதில் ஆயுளில் முதிர்ந்து வெளிவருபவை 400 முதல் 500 தான். மற்றவை சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

மனித உடம்பின் மிகப் பெரிய செல் இந்த முட்டைதான். பெரியது என்றாலும் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நம் சேலத்து ஜவ்வரிசியில் இரண்டு மில்லிமீட்டர் மணி ஒன்றை எடுத்து வையுங்கள். அதன் குறுக்கே இருபது முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். பாலூட்டிகளுக்கு முட்டை உண்டு என்பதையே மருத்துவ உலகம் 1827-இல், கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் உருப்பெருக்கி வழியாகக் கண்டுசொன்ன பிறகுதான் அறிந்தது. அதற்கு முன் பெண் வெறும் நிலம், விதை ஆணுடையது என்றே பல நாடுகளிலும் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு மாதத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

டப்பாவில் அதிகம் வந்த கேள்வி இதுதான். மலைப் பெண்களுக்கு நான் இதைக் காபிச் செடியை வைத்துச் சொல்வேன்.

காபிச் செடியில் மொட்டுகள் வறட்சிக் காலத்தில் அப்படியே உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை இறங்க வேண்டும். பூமழை என்போம். மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மழை வராவிட்டால் மொட்டு இருந்தும் பூ இல்லை.

சினைப்பையிலும் முட்டைகள் உறங்கித்தான் கிடக்கின்றன. மழை வர வேண்டிய இடம் தலையில் இருக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரிச் சுரப்பி. விலக்கு வந்த முதல் நாளை ஒன்று என்று எண்ணுங்கள். அந்த நாட்களிலேயே பிட்யூட்டரி எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும். அதைப் பெற்றுச் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். ஒரு வாரத்தில் அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். முந்திய பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். போன விலக்கில் உதிர்ந்த கருப்பை மெத்தையைத் திரும்பக் கட்டுவது அந்த ஈஸ்ட்ரோஜன்.

பை சுமார் 20 மில்லிமீட்டருக்கு வளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் உச்சிக்குப் போனதும் பூமழை. பிட்யூட்டரி எல்எச் என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டும். அது தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வரும். சிலருக்கு அன்று ஒரு பக்க அடிவயிற்றில் சுருக்கென்று குத்தும். கருப்பை வாயின் சளி அந்த நாட்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, விரல்களுக்கிடையே இழுபடும். விந்தணு நீந்தி மேலே போக அது வழிவிடும் சளி.

வெடித்த பையின் கதை அதோடு முடிவதில்லை. அது மஞ்சள் நிறமாக மாறிப் புரோஜெஸ்டரோன் சுரக்கத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் கட்டிய மெத்தையை இது பதப்படுத்தும், ரத்த நாளங்களைச் சுருட்டிச் சேர்க்கும், சத்தைச் சேமிக்கும். கரு தங்கினால் அந்தக் கருவிலிருந்து வரும் ஹார்மோன், "நான் வந்துவிட்டேன், சுரப்பை நிறுத்தாதே" என்று இந்த மஞ்சள் பைக்குச் சேதி சொல்லும். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டுபிடிப்பதும் அந்தச் சேதியைத்தான். சேதி வராவிட்டால் மஞ்சள் பை ஏறத்தாழ 14 நாளில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டரோன் விழும். தாங்கிப் பிடித்த கை விலகியதால் மெத்தை உதிரும். அதுதான் விலக்கு.

அப்படியானால் ஆடிப் பண்டிகைக்குப் போடும் மாத்திரை என்ன செய்கிறது?

சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் ஆடிப் பண்டிகை தொடங்கிவிட்டால் விலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையைக் கேட்டு வருவார்கள். நோரெதிஸ்டிரோன் என்பது புரோஜெஸ்டரோனைப் போன்ற மருந்து. மஞ்சள் பை சுருங்கினாலும் மாத்திரை அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும், அதனால் மெத்தை உதிராமல் நிற்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். முன் பதில் புரிந்தவர்களுக்கு இது புதிராக இருக்காது.

ஒருமுறை இரண்டுமுறை போட்டால் கருப்பை கெட்டுவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் அக்கம்பக்கத்தில் வாங்கிப் போடாதீர்கள். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று ஐயம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. மருத்துவர் கேட்டறிந்து எழுதித் தர வேண்டிய மருந்து இது. என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: பெண் தெய்வத்தின் வாசலில் நிற்க ஒரு பெண் தன் உடம்பை மாத்திரையால் அடக்க வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

விலக்கில் போவது கெட்ட ரத்தம்தானே?

கெட்டது என்று எதுவும் அதில் இல்லை. ரத்தக் குழாயில் ஓடும் அதே ரத்தம், உதிர்ந்த மெத்தைத் துணுக்குகள், சளி, அவ்வளவுதான். கருவைத் தாங்கக் கட்டிய மெத்தையை எப்படிக் கழிவு என்பது? ஒரு விலக்குக்குச் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அது அதிகம். வீட்டில் அளந்து பார்க்க முடியாது என்பதால் வேறு கணக்குச் சொல்கிறேன்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்துபோவது, பெரிய கட்டிகளாக விழுவது, எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

"கெட்டது போகட்டும், போனால் நல்லதுதான்" என்று விட்டுவிட்டு, வெளுத்துப்போன முகத்தோடு மேடேற மூச்சு வாங்கி நின்ற பெண்களை ஒவ்வொரு ஊரிலும் பார்த்தேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, "எதோடு விழுங்கினீர்கள்?" என்பதைத்தான். காபி விளையும் மலையல்லவா, மாத்திரை போட்ட கையோடு ஒரு தம்ளர் காபி குடித்திருப்பார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உள்ளே சேர்க்கும்.

28 நாளுக்கு ஒருமுறை வந்தால்தான் சரியா?

21 முதல் 35 நாள் வரை எதுவும் சரிதான். மாதத்துக்கு மாதம் ஐந்தாறு நாள் முன்பின் ஆகலாம். வயதுக்கு வந்த புதிதில் 45 நாள்கூட ஆகும்.

வலி தாங்க முடியவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

மெத்தை உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வெளிவருகிறது. கருப்பைத் தசையை இறுக்கி உதிர்ந்ததை வெளியேற்றுவது அதன் வேலை. அது அதிகமானால் தசை தன் ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும், அப்போது வலி. குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவதும் அதனால்தான். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வையுங்கள். மெஃபனமிக் அமிலம், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே குறைப்பவை. ஆகவே வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வலிக்குக் கல்யாணம் மருந்தல்ல. வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறது, விலக்கு இல்லாத நாளிலும் வலிக்கிறது, மலம் கழிக்கும்போதும் உறவின்போதும் வலிக்கிறது என்றால் கருப்பை மெத்தையைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆக இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டிய அளவு வலி எந்தப் பெண்ணுக்கும் இயல்பு அல்ல.

மகள் இன்னும் வயதுக்கு வரவில்லை. எப்போது கவலைப்பட வேண்டும்?

மார்பு மொட்டு விட்டு இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் விலக்கு வருவது வழக்கம். 13 வயதாகியும் மார்பு வளரவில்லை, அல்லது 15 வயதாகியும் விலக்கு வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும் காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு முறை தவறித்தான் வரும். தலைக்குள் இருக்கும் மழை இன்னும் காலத்தோடு பெய்யப் பழகவில்லை, பல மாதம் முட்டை வெளிவராமலே விலக்கு வரும்.

தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு கட்டுவதும் சீர் வைப்பதும் உங்கள் விருப்பம். உளுந்தங்களி நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். பச்சை முட்டையை மட்டும் வாயில் ஊற்றாதீர்கள், கிருமி இருக்கும், வேகவைத்துக் கொடுங்கள். எனக்குத் தலைநிறையப் பூவும் பதினோரு நாள் விருந்தும் கிடைத்தன. எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. குடலில் புண் வந்து சாகப்போகிறேன் என்று நினைத்து அழுதபடிதான் அந்தக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் பத்து வயதிலேயே சொல்லிவிடுங்கள்.

வெள்ளைப்படுவது எலும்பு உருகி வருவதாமே?

எலும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருப்பை வாயும் யோனிச் சுவரும் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளும் நீர் அது. யோனியில் நன்மை செய்யும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் குடியிருக்கின்றன, தயிரில் இருப்பவற்றின் உறவினம். அவை உண்டாக்கும் புளிப்பு மற்றக் கிருமிகளை அண்டவிடாது. சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவினால் அந்தக் காவல் போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். தயிர்போலத் திரிந்து அரிப்போடு வந்தாலும், மீன் வாடை அடித்தாலும், பச்சை மஞ்சளாக இருந்தாலும், ரத்தம் கலந்தாலும் அது நோய், மருந்து உண்டு.

"நீர்க்கட்டி" என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமா?

பெயர்தான் பயமுறுத்துகிறது. 1935-இல் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த நிலை இது. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். மொட்டு இருக்கிறது, பூமழைதான் ஒழுங்காக வரவில்லை. ஆண்தன்மை ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதால் முகத்தில் முடியும் பருவும் வரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் எடை கூடும், பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும். எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்குக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் விலக்கே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். உதிராத மெத்தை தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. குழந்தை பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த நாளில் சேர்ந்தால் குழந்தை தங்கும்?

முட்டை 12 முதல் 24 மணி நேரம் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஏற்ற நாட்கள். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வரும். 28 நாள் சுற்று உள்ளவருக்குப் பதினான்காம் நாள், 35 நாள் சுற்று உள்ளவருக்கு இருபத்தொன்றாம் நாள். குழந்தை வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது, சுற்று எந்த மாதமும் மாறலாம்.

முட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து கரு நகர்ந்து, ஆறேழு நாளுக்குப் பிறகு கருப்பை மெத்தையில் பதிகிறது. சில சமயம் குழாயிலேயே தங்கிவிடும். விலக்கு தள்ளிப்போய், ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலை சுற்றி, தோள்பட்டையும் வலித்தால் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். விடியட்டும் என்று காத்திருக்க அதில் நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெண் குழந்தையாகவே பிறக்கிறது. மருமகளுக்கு என்ன குறை?

குறை எதுவும் இல்லை. பெண்ணின் முட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. ஆணின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். முட்டையை எது சேர்கிறதோ அதுதான் குழந்தை பெண்ணா, ஆணா என்பதை முடிவு செய்கிறது. மருமகளிடம் ஒய் கிடையவே கிடையாது. இல்லாததை அவள் எப்படித் தருவாள்? ஆணும் அதைத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை.

இந்த ஒரு செய்தி தெரியாமல் நம் மாவட்டம் கொடுத்த விலை பெரிது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம்தான். கருவிலேயே பாலினம் பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவம் பார்க்கப் போன வீட்டில் பெண் என்றதும் விளக்கைத் தணித்துவிட்டு ஆட்கள் எழுந்து போனதைப் பார்த்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் குழந்தையை எடை பார்க்கும் சாக்கில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் உட்கார்ந்து எக்ஸ், ஒய் கணக்கை அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டினேன். மாமியார்தான் முதலில் புரிந்துகொண்டார். "அப்படியென்றால் என்னையும் வீணாகத்தான் திட்டினார்களா?" என்று கேட்டார்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் விலக்கு நின்றுவிடுமா? கர்ப்பப்பையை எடுத்தால்?

முதலாவதில் கருக்குழாயை மட்டும் அடைக்கிறார்கள். சினைப்பையும் கருப்பையும் அப்படியே இருப்பதால் விலக்கு வழக்கம்போல வரும். முட்டை உடம்பிலேயே கரைந்துவிடும். கருப்பையை எடுத்தால் விலக்கு நிற்கும், ஆனால் சினைப்பையை விட்டுவைத்தால் ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். இரண்டையும் எடுத்தால் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் விலக்கு நின்ற உடம்பு வந்துவிடும், எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் "சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்? மருந்தால் முடியாதா?" என்று கேளுங்கள். பிள்ளை பெற்றாயிற்றே, இனி அந்தப் பை எதற்கு என்று வீட்டார் சொல்வது காரணம் ஆகாது.

விலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி பட்டது. நல்ல அறிகுறியா?

இல்லை. இந்திய மகளிருக்குச் சராசரியாக 46, 47 வயதில் விலக்கு நிற்கிறது. முழுதாக 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். அந்தக் காலத்தில் உடம்பு குப்பென்று சூடாவது, தூக்கமின்மை, யோனி வறட்சி எல்லாம் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருபவை. ஆனால் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் சிறு காரணமாக இருக்கும். சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவே. மலைமேல் ஒரு அம்மா, "இளமை திரும்பிவிட்டது" என்று ஊரார் கேலி செய்வார்களோ என்று கூசி ஒரு வருடம் மறைத்தார். என்னிடம் சொன்னபோது நோய் முற்றியிருந்தது. டப்பாவில் துளை போடும் எண்ணம் எனக்கு வந்தது அவரை அடக்கம் செய்த அன்றுதான்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அனேகமாக எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அது தொற்றிப் புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு நிலையங்களில் அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை, வலிக்காது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி உண்டு.

விறகுக் கட்டைத் தூக்கினால் கீழே ஏதோ இறங்குகிறது.

கருப்பை இறங்குகிறது. இடுப்புக் கிண்ணத்தின் அடியில் ஊஞ்சல் துணி போலத் தசை விரிந்திருக்கிறது. பல பிரசவம், பிரசவமான சில நாளிலேயே சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இவற்றால் அந்தத் துணி தளர்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை, தினமும் மூன்று வேளை. அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதிகம் இறங்கியிருந்தால் தாங்கும் வளையம் வைக்கலாம், அறுவை சிகிச்சையும் உண்டு. பிரசவமான மருமகளை ஆறு வாரமாவது சுமை தூக்கவிடாதீர்கள்.

டாக்டரிடம் போனால் என்னவென்று சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

உறுப்பின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். "யோனியில் அரிப்பு", "விலக்கு பத்து நாளாக நிற்கவில்லை" என்றால் மருத்துவர் உடனே அந்த இடத்துக்கு வந்துவிடுவார். "உடம்பு சரியில்லை" என்றால் காய்ச்சல் மாத்திரைதான் கிடைக்கும். அவர் முதலில் கேட்பது கடைசி விலக்கின் முதல் நாள் எது என்பதை. அதைக் குறித்து வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விலக்கு வந்த அன்று தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறியாமல் மிளகு டப்பாவுக்குள் போட்டு வைப்பார். என்னிடம் வந்தபோது ரப்பர் வளையம் போட்ட ஏழு தாள்களை மேசைமேல் வைத்தார். மிளகு வாசனையோடு இருந்த அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பி நாட்களை எண்ணினோம். 29, 31, 30, பிறகு 19, 17, 18. அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் எங்கே தவறத் தொடங்கியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே கடிதம் எழுதிக் கொடுத்து மதிய பஸ்ஸில் அவரைச் சேலத்துக்கு அனுப்பினேன், அந்தத் தாள்களோடு.